வறட்சி இருக்குதாம்மா?

டாக்டரம்மா கேட்ட கேள்வி என் காதில் நன்றாகத்தான் விழுந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

"வறட்சி இருக்காம்மா?"

என்ன நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டேன். திருப்பூரில் ஏ.சி. போட்ட அறையில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறவர், நான் கொமரலிங்கத்துக்காரி என்று சொன்ன உடனே ஊர் நிலவரம் விசாரிக்கிறாரே! நானும் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து விவரமாகச் சொன்னேன்.

"இந்த வருசம் பரவாயில்லீங்க டாக்டரம்மா. அமராவதியில தண்ணி உட்டுட்டாங்க. என்ற அண்ணன் நெல்லுத்தான் போட்டிருக்கறாரு. போன வருசந்தான் நெம்பக் காஞ்சு போச்சு."

நர்ஸுப் பெண் சட்டென்று திரும்பிக்கொண்டு அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது. பக்கத்து நாற்காலியில் என் மருமகள் கௌசல்யா, மாசமாக இருக்கிறவள், மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மிதித்த பிறகும் எனக்கு விளங்கவில்லை. அண்ணன் போட்டது நெல்லா கரும்பா என்று திருத்துகிறாளோ என்று யோசித்தேன்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நான் வயலைக் கேக்கலம்மா. உங்க உடம்பைக் கேட்டேன். கீழே."

கீழே என்றதும் தரையைப் பார்த்தேன். நல்ல வழவழப்பான டைல்ஸ். அதற்கப்புறம்தான் எந்தக் கீழே என்று புரிந்தது.

காதிலிருந்து கழுத்து வரைக்கும் தீ வைத்தது மாதிரி எரிந்தது. மருமகள் முன்னாலேயா? பெற்ற மகளிடமே பேசாத பேச்சு அது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். பொய். பொய் என்று எனக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும், அலமாரிக்குள் தலையை விட்டிருந்த அந்த நர்ஸுக்கும் தெரியும்.

வாராவாரம் நான் சொல்லச் சொல்ல என் கதைகளை எழுதுகிறவளும் அதே கௌசல்யாதான். "இந்த வாரம் வேற எதாச்சும் சொல்லுங்க அத்தை" என்று கெஞ்சிப் பார்த்தாள். போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் கொட்டிய கதைக்குச் சிரித்துச் சிரித்து எழுதினாளே, அப்போது இனித்ததா? எழுது கண்ணு. எனக்கே வெட்கமில்லாதபோது உனக்கென்ன? அதுவும் பொய்தான். வெட்கம் இருக்கிறது. இப்போதும் இதைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறேன்.

தண்டம் என்று சொன்னவள்

டாக்டரம்மாவிடம் என்னைக் காட்டியதே வேறு விசயத்துக்கு. சூடு.

அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பனியன் கம்பெனி. அங்கே எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த பீஸை மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். எனக்குக் கண் உண்டு. வாயும் உண்டு. வாய்க்குத் தனியாகச் சம்பளம் கிடையாது என்பதுதான் என் மனக்குறை.

ஒரு நாள் வெள்ளைப் பீஸ் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெஞ்சுக்குள்ளிருந்து என்னவோ கிளம்பி, கழுத்து, முகம், உச்சந்தலை என்று ஏறியது. இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்து அதில் முகத்தை வைத்த மாதிரி. துடைக்கவும் நேரமில்லை, வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டென்று பீஸ் மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிக் குளிர் எடுத்தது.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. காலையில் வந்தது, டீ நேரத்தில் வந்தது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் கூடவே வந்தது. கறை கண்டுபிடிக்கிற வேலைக்கு வந்தவளே கறை போட்டால் எப்படி? சூப்பர்வைசர் பையன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"மயிலாத்தாக்கா, ஸ்டெயின் பீஸெல்லாம் உங்க டேபிள்ல இருந்துதான் வருது. என்னங்க விசயம்?"

"என்ற மூக்குல ஒரு பைப்பு லீக்காகுது தம்பி. பிளம்பருக்குச் சொல்லியிருக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே தந்திரம் அது.

நின்று சுற்றுகிற ஃபேனை என் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டேன். எனக்கு எதிரில் ஒரிசாவிலிருந்து வந்த சபிதா. அவள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். "அக்கா, டண்டா! பஹுத் டண்டா!" என்றாள்.

என் காதில் 'தண்டம்' என்றுதான் விழுந்தது. எனக்கு வந்ததே கோபம்! "ஆரடி தண்டம்? நீ பொறக்கறதுக்கு முன்னாலயே நான் இந்த ஊருல பீஸு பாத்தவ. என்னயப் பாத்துத் தண்டமுங்கறயா?" என்று பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். டண்டா என்றால் குளிராம். மத்தியானம் என் டிபன் பாக்ஸிலிருந்து அவளுக்குக் கொள்ளுப் பருப்பு வைத்துச் சமாதானம் செய்தேன். ஆனால் அன்றைக்குத்தான் உள்ளுக்குள் ஒரு பயம் வந்தது. நான் இப்படி எரிந்து விழுகிற ஆள் இல்லை. எனக்கு என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது.

உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். இளநீர் குடித்தேன். தலைக்கு விளக்கெண்ணெய் வைத்தேன், தலையணைதான் நாறியது. தூக்கம் போயிற்று. கை விரல் மூட்டெல்லாம் வலித்தது. மாதாமாதம் வருவது நின்று ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதையும் இதையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. நின்றது நல்லதாய்ப் போயிற்று, துணி மிச்சம் என்று இருந்துவிட்டேன்.

அம்மாவுக்கு நின்றபோது

கொமரலிங்கத்தில் எங்கள் அம்மாவுக்கு நின்றபோது ஊரே கொண்டாடியது. சும்மா சொல்லவில்லை. மாரியம்மன் நோம்பி வந்தால் மாவிளக்குக்கு மாவிடிக்க, சாமிக்குப் பொங்கல் வைக்க, தீட்டுப் படாத கை வேண்டும். வயசுப் பெண்கள் நாள் கணக்குப் பார்க்க வேண்டும். அம்மா பார்க்க வேண்டியதில்லை. "உங்க அம்மாளக் கொஞ்சம் அனுப்பு சாமி" என்று வீட்டுக்கு வீடு ஆள் வந்தார்கள். அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு உலக்கை பிடிக்கப் போவாள். எங்களுக்குப் பெருமை.

அதே அம்மா மார்கழிக் குளிரில் வாய்க்காலில் இறங்கித் தலைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுவாள். வீட்டுக்குள் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதன் மேலேயே படுப்பாள். "உங்க அம்மாளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்பார் அப்பா. நாங்களும் சிரித்தோம்.

அந்த வருசத்திலிருந்துதான் அம்மாவின் பாய் அடுப்படிக்குப் போனது. அப்பாவின் கட்டில் வாசலில். இரண்டு பேரும் சாப்பாடு ஆச்சா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்பதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. ஏதோ சண்டை, யாருக்கும் தெரியாத பழைய சண்டை என்று நினைத்துக்கொண்டோம். அப்பா சாகும் வரைக்கும் கட்டில் வாசலிலேயே கிடந்தது.

நின்றதை ஊர் பேசியது. நின்றதற்குப் பின்னால் வருவதை ஒருத்தரும் பேசவில்லை. அதற்கு எங்கள் ஊரில் வார்த்தையே இல்லை.

சந்தன சோப்பு

எங்கள் வீட்டுக்காரர் பழனிச்சாமி மினி டெம்போ ஓட்டுகிறார். கம்பெனியிலிருந்து துணி ரோலைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவார், சாயம் ஏறியதும் திரும்பக் கொண்டுவருவார். அதிகம் பேச மாட்டார். எங்கள் இருவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் அவருக்கு அந்தச் சிரமம் இல்லை.

வயசாகிவிட்டது, பேரன் பேத்தி எடுக்கப் போகிறோம் என்பதெல்லாம் ஊருக்கு. புருசன் பெண்டாட்டி புருசன் பெண்டாட்டிதான். அதை இதற்கு மேல் விளக்கமாகச் சொன்னால் கௌசல்யா எழுந்து போய்விடுவாள்.

எனக்கு வலித்தது. அவ்வளவுதான் சங்கதி. ரம்பத்தால் அறுக்கிற மாதிரி வலித்தது. ஒன்றுக்குப் போனாலும் எரிந்தது. அவர் பக்கத்தில் வந்தாலே உடம்பு தானாகச் சுருங்கியது. தலைவலி என்றேன், மூட்டு வலி என்றேன், நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்றேன். காரணம் எல்லாம் தீர்ந்த பிறகு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் வண்டியைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏ புள்ள, என்ற மேல நாத்தம் கீத்தம் வருதா? சாயத் துணியோட கெடக்கறனல்ல, எனக்குத் தெரியறதில்ல."

எதையாவது கேலியாகச் சொல்லித் தப்பிக்கிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. நான் சும்மா இருந்ததை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சந்தன சோப்பு வந்தது. பட்டறையிலிருந்து வந்ததும் ஒரு குளியல், சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு குளியல். சட்டைக்கு செண்டு வேறு. வீடே கல்யாண மண்டபம் மாதிரி மணந்தது. மகன் கேலி செய்தான், "அப்பா மாப்பிள்ளையாட்ட இருக்கறாருங்கம்மா" என்று. கொஞ்ச நாள் கழித்து சோப்பு தீர்ந்தது. அவர் புதுசு வாங்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். மகன் ஏன் என்று கேட்டதற்கு "கிரிக்கெட்டு பாக்கறேன்" என்றார். டி.வி. அணைந்துதான் இருந்தது.

பாயை அவர் விரிக்கும்போது எனக்கு வாசலில் கிடந்த கட்டில்தான் ஞாபகம் வந்தது. நாங்களும் அப்படித்தான் முடியப் போகிறோமா? ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

டாக்டரம்மா கேட்டது, நான் சொன்னது

இப்போது ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். கௌசல்யாவுக்கு மாதப் பரிசோதனை. நான் வழியில் மயக்கம் வந்து டெம்போவில் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, அவள்தான் எனக்கும் சேர்த்துச் சீட்டுப் போட்டாள்.

நான் பொய் சொன்னதும் டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. மருமகளை ரத்தம் கொடுக்க லேபுக்கு அனுப்பினார். நர்ஸையும் கூடவே போகச் சொன்னார். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

முதலில் சூட்டைப் பற்றிச் சொன்னார். ஒரு வருசம் முழுக்க வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தமாம். சினைப்பை இத்தனை வருசமாகச் சுரந்துகொண்டிருந்த ஹார்மோனைச் சுரப்பது குறைந்துபோகுமாம். அதனால்தான் சூடு, வேர்வை, தூக்கமின்மை, கோபம், மூட்டு வலி. எலும்பும் மெலியுமாம்.

"ஆர்டர் நின்னுபோன கம்பெனியாட்டங்களா?" என்றேன்.

"அப்படியே வெச்சுக்கோங்க. ஆனா கம்பெனி மூடலம்மா. வேற மாதிரி ஓடணும்."

ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் சூடு அடங்குமாம். ஆனால் எல்லாருக்கும் எடுத்த எடுப்பில் கொடுக்க மாட்டார்களாம். கர்ப்பப்பை இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். இருந்தால் இரண்டு வகை ஹார்மோன் சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம், ஒன்று மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பைக்கு ஆகாதாம். காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, நின்றபிறகு எப்போதாவது உதிரம் பட்டதா, வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். கணியூரில் இருக்கிற என் அக்காவுக்கு ஒரு மார்பு எடுத்திருக்கிறது என்றேன். அவர் பேனாவை நிறுத்தினார். பி.பி.யும் ஏறியிருந்தது. "அவசரப்பட வேண்டாம். மார்பைப் படம் எடுத்துப் பாப்போம். பி.பி. இறங்கட்டும். அப்புறம் மாத்திரை வேணுமான்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணலாம்" என்றார்.

சரி, முடிந்தது, எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். கால் எழுந்திருக்கவில்லை. என் சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தேன்.

"சொல்லுங்கம்மா."

எனக்கு வலிக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எங்க ஊட்டுக்காரரு பாவமுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அவர் மட்டுமா பாவம்?" என்றார்.

நான் அழுதேன். அந்த டைல்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, மூக்குச் சிந்த முந்தானையைத் தேடிக்கொண்டு, ஊரைச் சிரிக்க வைக்கிற மயிலாத்தா குழந்தை மாதிரி அழுதேன்.

"அவருக்குச் சொன்னீங்களா?"

"எப்புடிங்க சொல்றது? அதுக்குப் பேரே இல்லீங்களே."

"நாந்தான் பேர் சொன்னேனே. நீங்க மழை நிலவரம் சொல்லிட்டீங்க."

பிறகு திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பரிசோதித்தார். அதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. இதுவும் ஹார்மோன் குறைவதால் வருவதுதான், தோல் மெலிந்து காய்ந்துபோகிறது, சூடு சில வருசத்தில் தானாக அடங்கலாம், இது வைத்தியம் பார்க்காமல் போகாது என்றார். ஒரு களிம்பு எழுதினார். அதுவும் ஹார்மோன்தான், ஆனால் அந்த இடத்தோடு நின்றுவிடும், உடம்புக்குள் போவது ரொம்பக் கொஞ்சம், பயப்பட வேண்டாம் என்றார்.

"ஊட்டுக்காரர் வந்திருக்காரா?"

"வெளிய வண்டியில இருக்கறாருங்க. ஐயோ, அவரு எதுக்குங்க?"

டாக்டரம்மா மணி அடித்தார். லேபிலிருந்து திரும்பியிருந்த நர்ஸின் குரல் வெளியே கேட்டது. "மயிலாத்தா ஊட்டுக்காரர் ஆருங்க?"

அவர் கேட்ட கேள்வி

செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டாக்டரம்மா பச்சையாக, நேராக எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த கொழுகொழுக் குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் மெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் ஒரு ஓட்டை இருந்திருந்தால் இரண்டு பேரும் முண்டியடித்துக்கொண்டு அதற்குள் போயிருப்போம்.

"அப்ப," என்றார் டாக்டரம்மாவிடம், "அவளுக்கு என்ற மேல வெறுப்புக் கிறுப்பு ஒண்ணும் இல்லீங்களா?"

"அதை அவங்களையே கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். கேட்டது அதை இல்லை.

"வலிச்சுதா புள்ள?"

"ம்."

"இத்தன நாளாவா?"

"ம்."

"சொல்றதுக்கென்ன?"

"எப்புடிச் சொல்றதுங்?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை ஒன்றும் இல்லை, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. "நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்றார்.

மருந்துக்கடை

வரும்போது டெம்போ தூக்கிப் போட்டது என்று மகன் பைக்கில் வந்து கௌசல்யாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச தூரம் போனதும் ரோட்டுக்கு எதிரில் ஒரு மருந்துக்கடை. "நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் இறங்கினார்.

கடையில் நல்ல கூட்டம். கம்பெனிப் பிள்ளைகள் வேறு. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து, டெம்போ ஹாரன் மாதிரி ஒரு குரல்.

"ஏ புள்ள! டியூப்பு ஒண்ணு போதுமா, ரெண்டா வாங்கிக்கலாமா?"

ஜென்மத்தில் அத்தனை சத்தமாகப் பேசாத மனுசன்! நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். கடைக்காரர் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்ததை, ரோட்டைத் தாண்டும்போதே வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டிக்குள் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். உள்ளே மடித்து வைத்த ஒரு தாள். விரிக்க விரிக்கத் துண்டு அகலத்துக்கு வந்தது. முழுக்க இங்கிலீசு. நான் ரெண்டாவதோடு நின்றவள், அவர் வண்டி நம்பர் படிக்கிற அளவு. கூடவே பிளாஸ்டிக்கில் ஒரு குழாய்.

"இது எதுக்கு?"

"மருந்து எடுக்கற கரண்டியாட்ட இருக்குது."

"படம் போட்டிருக்குது பாரு." தாளை நேராகப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார். "ஒண்ணும் தெரியலியே. சரி உடு, கௌசல்யாகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லலாம். அவதான காலேஜு படிச்சவ."

"வாய மூடுங்க!"

"ஏன், நல்ல புள்ளதான?"

"வண்டியத் திருப்புங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். மருமவ கையில அந்தத் தாளக் குடுத்தீங்கன்னா நான் கொமரலிங்கத்துக்கே போயிருவேன்."

ஹாலில் வரிசை வரிசையாக மாசமான பெண்கள், கூட வந்த அம்மாக்கள். எல்லாரையும் தாண்டி, என்னைப் பார்த்துச் சிரித்த அந்த நர்ஸிடமே போனேன். டியூப்பை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"கண்ணு, இத எப்புடிப் போடறதுன்னு சொல்லு."

அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். குழாயில் எந்தக் கோடு வரைக்கும், எப்படிப் படுத்துக்கொண்டு, எத்தனை நாளைக்கு என்று எல்லாம். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், வண்டியில் இருக்கச் சொன்ன ஆள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். லோடு ஏற்றும்போது சொன்ன விவரத்தைத் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பது அவர் பழக்கம்.

"மொதல்ல ரெண்டு வாரம் தெனமும். பொறகு வாரத்துக்கு ரெண்டு நாளு. சரிதானுங்க?"

ஹால் முழுக்க எங்களைப் பார்த்தது. ஒரு நிறைமாசக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தலையைக் குனிந்தபடியே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"போதும், வாங்க போலாம்."

"இரு புள்ள," என்றார். "காலைலயா, ராத்திரிக்கான்னு கேட்டுட்டு வந்தர்றேன்."